மு என்றால் முறுக்கு

ஞானசௌந்தரி டீச்சர் அதிகம் பேச மாட்டார். வகுப்பில் இன்னும் குறைவு. பலகையில் ஒரு கணக்கை எழுதுவார், சாக்பீஸைக் கீழே வைப்பார், கையைத் துடைத்துக்கொண்டு நிற்பார். பிள்ளைகள் பலகையைப் பார்ப்பார்கள். டீச்சர் பிள்ளைகளைப் பார்ப்பார். பொறுக்க மாட்டாமல் யாராவது ஒருத்தர் எழுந்து பலகைக்குப் போகிறவரை அங்கே மின்விசிறிச் சத்தம்தான்.

பி.எட். பயிற்சிக்காக அந்த வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த இசக்கியப்பன், இவர்தான் என் குரு என்று மனசுக்குள் முடிவு செய்துகொண்டான். அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் "அப்படியா?" என்று கேட்டுவிட்டு விடைத்தாள் திருத்தப் போய்விடுவார்.

படிப்பு முடிந்ததும் உப்பளத்தை ஒட்டிய ஊர் ஒன்றின் நடுநிலைப் பள்ளியில் அவனுக்குத் தற்காலிக வேலை கிடைத்தது. எட்டாம் வகுப்புக்குக் கணக்கு. அவன் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவன். அதனால் வேலை கிடைத்த சந்தோஷத்துக்கு முன்னால், வேலை போய்விடுமோ என்கிற பயம் வந்துவிட்டது.

இயற்கணிதம் ஆரம்பித்த அன்று பலகையில் x என்று எழுதினான். வகுப்பு மொத்தமும் தலையைக் குனிந்துகொண்டது. அப்படிக் குனிந்தது அவனுக்கு நன்றாகத் தெரியும். அவனும் அப்படிக் குனிந்தவன்தான். வீட்டில் கேட்டால் சொல்ல ஆள் இல்லாமல், x என்ற எழுத்தைப் பார்த்தாலே புத்தகத்தை மூடிவிட்ட காலம் ஒன்று அவனுக்கும் இருந்தது.

அந்த வகுப்பில் சுடலைவடிவு என்று ஒரு பெண். வடிவு என்றுதான் கூப்பிடுவார்கள். எதைச் சொன்னாலும் சொன்னபடியே பிடித்துக்கொள்வாள். அவள் அம்மா பேச்சித்தாய் உப்பளத்தில் வேலை செய்கிறவள். ஒருநாள் மதியம் கை காலெல்லாம் உப்புப் பூத்தபடி பள்ளிக்கு வந்தாள்.

"சாரே, இந்தப் பள்ளிக்கூடம் எட்டோட முடிஞ்சிருதுல்லா. மேல படிக்கணும்னா ரெண்டு பஸ் மாறணும். பொட்டப்பிள்ளைய அப்படி அனுப்பிட்டு நான் அளத்துல நிம்மதியா நிக்க முடியுமா?"

"விடுதிப் பள்ளிக்கூடத்துக்குப் பரீட்சை வைப்பாங்க அக்கா. மாசியில. அதுல பாஸானா தங்கிப் படிக்கலாம்."

"அதான் கேக்க வந்தேன். பாஸாவாளா? ஆவாள்னா சொல்லுங்க, இருக்கட்டும். இல்லைன்னா மில்லுக்கு ஆள் சேக்குறவரு வந்து பாத்துட்டுப் போயிருக்காரு."

"அவளுக்குப் பதிமூணு வயசுதானே ஆகுது?"

"அதை அவங்களே கூட்டிப் போட்டுக்கிடுவாங்களாம்."

இசக்கியப்பன் அந்தப் பரீட்சையின் பழைய கேள்வித்தாளை எடுத்துப் பார்த்தான். பாதிக்குப் பாதி இயற்கணிதம்.

அந்தச் சனிக்கிழமை குருவைத் தேடிப் போனான். டீச்சர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"டீச்சர், x-னு எழுதினாலே பிள்ளைங்க பயப்படுறாங்க."

"ம்."

"அந்தப் பயத்தை எப்படிப் போக்குறது?"

டீச்சர் பேனாவை மூடினார். அடுப்படிக்குப் போய், வட்டமான தகர டப்பா ஒன்றை எடுத்துவந்தார். மூடி இறுக்கமாக இருந்தது. அவன் காதுக்குப் பக்கத்தில் ஒருமுறை ஆட்டினார். உள்ளே எதுவோ கலகலத்தது.

"எத்தனை இருக்கு?"

"தெரியல டீச்சர்."

"பயமா இருக்கா?"

"இதுல பயப்பட என்ன இருக்கு?"

"திறந்து பாக்கணும்போல இருக்கா?"

"இருக்கு." அவன் சிரித்தான்.

டீச்சர் சிரிக்கவில்லை. டப்பாவை அவன் கையில் கொடுத்தார். "வகுப்புக்குக் கொண்டு போ. திறக்காம கொண்டு போ."

அவ்வளவுதான். பேனாவைத் திறந்துகொண்டார்.

பஸ்ஸில் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு வந்தான். தீபாவளிக்குப் பத்துப் பதினைந்து நாள்தான் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே கடைகளில் சீரியல் விளக்கு கட்டிக்கொண்டிருந்தார்கள். மதியம் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வகுப்புக்கு இன்னும் முழுசாக ஒரு ஞாயிற்றுக்கிழமை இருக்கிறதே என்று நகத்தால் நெம்பினான். மூடி திறந்தது.

முறுக்கு.

குருவின் பதில் அவனுக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது. பயத்தைப் போக்க வழி முறுக்கு.

திங்கட்கிழமை காலை வண்ணச் சாக்பீஸால் பலகையைச் சுற்றி மத்தாப்பு வரைந்தான். நடுவில் பெரிதாக எழுதினான். மு என்றால் முறுக்கு. அ என்றால் அதிரசம்.

"எல்லாரும் புத்தகத்தை மூடுங்க. இன்னைக்கு நமக்குத் தீபாவளி. அஞ்சு மு கூட்டல் ரெண்டு அ. சேர்த்து ஏழுன்னு சொல்லலாமா?"

"கூடாது சார்!"

"ஏன் கூடாது?"

"முறுக்கு வேற, அதிரசம் வேற!"

"அப்ப ஏழும் சேர்ந்தா என்னது?"

"வயித்துவலி சார்!" என்றான் பின்னாலிருந்து அந்தோணி.

வகுப்பே குலுங்கியது. ஒரு தலைகூடக் குனியவில்லை. இசக்கியப்பன் சாக்பீஸைக் கீழே வைத்தான். டப்பாவை எல்லாருக்கும் நீட்டினான். பிள்ளைகள் மு-வைக் கடித்துக்கொண்டே கணக்குப் போட்டார்கள்.

அதற்கப்புறம் நிற்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு ந என்றால் நட்சத்திரம், கு என்றால் குடில். சமன்பாடு வந்தபோது கொஞ்சம் யோசித்தான். பிறகு அதற்கும் வழி கண்டுபிடித்தான். மூன்று குடிலை வரைந்தான், பன்னிரண்டு நட்சத்திரத்தைப் பக்கத்தில் வரைந்தான். பிள்ளைகள் ஓடிவந்து குடிலுக்கு நாலு நாலாக ஒட்டினார்கள். கணக்கு முடிந்தது. வடிவுதான் எப்போதும் முதலில் ஒட்டி முடிப்பாள்.

வடிவுக்கென்று தனியாக மாலையிலும் சொல்லிக்கொடுத்தான். பழைய கேள்வித்தாளிலும் பாடப்புத்தகத்திலும் x வந்த இடத்தையெல்லாம் அவனே பேனாவால் அடித்து, அந்தந்த மாதப் பண்டிகைக்கு ஏற்ற எழுத்தைப் போட்டுக் கொடுத்தான். கை வலிக்கும். வலி சந்தோஷமாக இருந்தது. தன் சின்ன வயசில் இப்படி ஒருத்தர் வந்து அடித்துக் கொடுத்திருக்கக் கூடாதா என்று நினைத்துக்கொள்வான்.

"முதல்ல என்ன எழுதணும் வடிவு?"

"எந்த எழுத்துன்னா எந்தச் சாமான்னு மேல எழுதணும் சார்."

"எழுதாம கணக்குல கை வைக்கலாமா?"

"வைக்கவே கூடாது சார்."

தலைமை ஆசிரியர் தங்கதுரை ஒருநாள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுச் செல்போனில் படம் எடுத்தார். படம் வாட்ஸப்பில் ஊர் ஊராகப் போனது. பொங்கலுக்கு முந்தின வாரம், பண்டிகைக் கணக்கு வகுப்பைப் பார்க்கப் பக்கத்துப் பள்ளி ஆசிரியர்களையெல்லாம் அழைத்தார். இசக்கியப்பன் குருவுக்குத் தானே போன் செய்தான். வருவாரென்று அவன் நினைக்கவில்லை. வந்தார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்.

வகுப்பில் நிஜக் கரும்பே சாத்தி வைத்திருந்தார்கள். க என்றால் கரும்பு, பா என்றால் பானை. எல்லாம் அழகாக நடந்தது. பானைக்கு இத்தனை கரும்பு என்று பிள்ளைகள் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். விருந்தினர்கள் கைதட்டினார்கள்.

"டீச்சர் ஏதாவது கேளுங்களேன்" என்றார் தங்கதுரை.

ஞானசௌந்தரி டீச்சர் உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டார். "க-ன்னா என்ன?"

"கரும்பு!" கட்டடம் அதிர்ந்தது.

"எத்தனை?"

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வடிவு கையைத் தூக்கினாள்.

"கரும்புன்னா கரும்புதான் டீச்சர். அதுல எத்தனை எப்படி வரும்?"

தங்கதுரை விழுந்து விழுந்து சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். இசக்கியப்பனும் சிரித்தான். வடிவுக்கு வெட்கம் வந்து முகத்தை மூடிக்கொண்டாள்.

வகுப்பு முடிந்ததும் டீச்சர் அவனிடம் வந்தார். என்ன சொல்லப்போகிறார் என்று அவன் காத்திருந்தான்.

"என் டப்பா எங்க?"

"இங்கதான் டீச்சர். சாக்பீஸ் போட்டு வச்சிருக்கேன்."

"மூடி?"

"கிறிஸ்துமஸ் பாட்டுக்குத் தாளம் போட பசங்க எடுத்தானுங்க. தொலைஞ்சு போச்சு டீச்சர். வேற வாங்கித் தந்துடறேன்."

டீச்சர் அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நெற்றியில் வண்ணச் சாக்பீஸ் தூள், காது வரைக்கும் சிரிப்பு.

"வேண்டாம்" என்றார். பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

வகுப்பு பிடித்திருக்கிறது, அதிகம் பேசாதவர் என்பதால் சொல்லவில்லை என்று அவன் எடுத்துக்கொண்டான்.

மாசியில் பரீட்சை வந்தது. பேச்சித்தாய்க்கு வேலையை விட்டு வர முடியவில்லை. இசக்கியப்பன்தான் வடிவை டவுனுக்குக் கூட்டிப்போனான். பெரிய பள்ளிக்கூடத்தின் வாசலில், வேப்பமரத்தடியில் காத்திருந்தான். மணி அடித்தது. பிள்ளைகள் கூட்டமாக வெளியே வந்தார்கள். வடிவு ஓடிவந்தாள்.

"சார், கேள்வித்தாள்ல அச்சுப்பிழை சார்."

"என்ன பிழை?"

"மூணு x கூட்டல் ஏழு, சமம், ரெண்டு x கூட்டல் பதினஞ்சுன்னு போட்டிருந்துச்சு. x-னா என்ன சாமான்னு போடவே இல்ல. மேல பாத்தேன், திருப்பிப் பின்னால பாத்தேன். எங்கயும் இல்ல. அந்த ஒண்ணு மட்டும்னா பரவால்ல சார். அப்படியே வரிசையா."

இசக்கியப்பன் அவள் கையிலிருந்த பரீட்சை அட்டையை வாங்கிக்கொண்டான்.

"எந்திரிச்சு அங்க காவலுக்கு நின்ன மேடத்துட்டயே கேட்டுட்டேன் சார். x-னா என்ன மேடம்னு."

"என்ன சொன்னாங்க?"

"உக்காருன்னாங்க." குரலைத் தாழ்த்தினாள். "அவங்களுக்கும் தெரியல போல."

மரத்தடியில் ஒரு தகப்பன் தன் மகளிடம் விடைகளைக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பெண் விரல் விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"மத்த பிள்ளைங்க எல்லாம் என்னத்தையோ எழுதிக்கிட்டே இருந்துச்சுங்க சார். பாக்கவே பாவமா இருந்துச்சு. நான் கை வைக்கல. சாமான் தெரியாம கை வைக்கக் கூடாதுன்னு நீங்க சொல்லியிருக்கீங்கள்லா." வடிவு அவன் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். "அச்சுப்பிழைன்னா எல்லாருக்கும் மார்க் போட்டுருவாங்களாம்லா சார்?"

"போடுவாங்க" என்றான் இசக்கியப்பன்.

அவள் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வழியெல்லாம் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தாள்.

பங்குனியில் ஆசிரியர் சங்க விழாவில் அவனுக்குக் கேடயம் கொடுத்தார்கள். பித்தளை நிறத்தில் வட்டத் தட்டு. நடுவில் 'பண்டிகைக் கணிதம்' என்று பொறித்திருந்தது. வேலையை அடுத்த வருடமும் தொடரலாம் என்று தங்கதுரை மேடையிலேயே அறிவித்தார். கைதட்டும்போது பிள்ளைகள் வரிசையில் வடிவின் கைதான் உயரத் தெரிந்தது.

பரீட்சை முடிவு அதற்கப்புறம் வந்தது. வடிவின் பெயர் இல்லை.

இசக்கியப்பன் பேச்சித்தாயின் வீட்டுக்குப் போனான். தானே கூட்டிப்போய் டவுன் பள்ளியில் சேர்க்கிறேன் என்றான். மறுபடி ஒரு பரீட்சை எழுதலாம் என்றான். தப்பு அவள்மேல் இல்லை, என்மேல்தான் என்றான்.

பேச்சித்தாய் கோபப்படவில்லை. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

"நீங்க என்ன செய்வீங்க சாரே? சாயங்காலமெல்லாம் உக்காந்து சொல்லிக் குடுத்தீங்க. இவ மண்டையில ஏறல. அவ்வளவுதான்."

"ஏறிச்சு அக்கா. நான் ஏத்துனதுதான்…"

"விடுங்க. ஆளும் வந்து பேசி முடிச்சிட்டாரு."

வைகாசிக் கடைசியில் மில் வேன் வந்தது. கோயில் பக்கம் நிறுத்தியிருந்தார்கள். உள்ளே ஏற்கெனவே நாலைந்து பெண்கள். வடிவு ஒரு பையும் ஒரு தலையணையும் வைத்திருந்தாள். அவனைப் பார்த்ததும் வேனிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

"சார், ஒண்ணு கேக்கணும்னே இருந்தேன்."

"கேளு."

"அந்தப் பரீட்சையில வந்துச்சுல்லா, மூணு x கூட்டல் ஏழு. அந்த x என்ன சார்?"

"எட்டு" என்றான்.

"எட்டா?" புருவத்தைச் சுருக்கினாள். "எட்டு என்னது சார்?"

"வெறும் எட்டு, வடிவு."

அவள் வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். "வெறும் எட்டு." ஏதோ கேட்க மறுபடி வாயெடுத்தாள். டிரைவர் கதவை இழுத்துச் சாத்தினான்.

பள்ளிக்கூடம் திறந்தது. புது எட்டாம் வகுப்பு. முதல் நாளே ஒரு பையன் கேட்டான், "சார், எங்களுக்கு எப்போ முறுக்கு?" தங்கதுரை கூப்பிட்டு, "ஆடிப்பெருக்கை வச்சு ஏதாவது பண்ணுய்யா, இந்தத் தடவை டிவிக்காரங்க வர்றேன்னிருக்காங்க" என்றார்.

அந்தச் சனிக்கிழமை இசக்கியப்பன் குருவின் வீட்டுக்குப் போனான். ஒரு பையில் மூடியில்லாத டப்பா. இன்னொரு பையில் கேடயம். எதற்குக் கேடயத்தை எடுத்துப்போகிறோம் என்று அவனுக்கே தெரியவில்லை. வீட்டில் வைத்துப் பார்க்க முடியவில்லை. அப்பா அதைத் தினமும் துடைத்துத் துடைத்து டிவி மேல் வைத்துக்கொண்டிருந்தார்.

டீச்சர் கதவைத் திறந்தார். அவன் எல்லாவற்றையும் சொன்னான். அச்சுப்பிழை, வேன், வெறும் எட்டு. சொல்லி முடித்ததும் கோபம் வந்தது.

"அன்னைக்கே உங்களுக்குத் தெரிஞ்சிருச்சுல்ல டீச்சர்? க எத்தனைன்னு கேட்டீங்களே. பரீட்சைக்கு ஒரு மாசம் இருந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா கேட்டிருப்பியா?"

கரும்பு, கைதட்டல், செல்போன் கேமரா, தங்கதுரையின் சிரிப்பு. அவன் யோசித்துப் பார்த்தான். பொய் சொல்ல மனசு வரவில்லை.

"மாட்டேன்."

"நீ அவ்வளவு சிரிச்சு நான் பார்த்தது அன்னைக்குத்தான்" என்றார் டீச்சர். "எனக்கு வாய் வரல. அந்தப் பிள்ளை கணக்குல என் தப்பும் உண்டு."



டீச்சர் அவன் பைகளைப் பார்த்தார். டப்பாவை எடுத்தார், கேடயத்தையும் எடுத்தார், அடுப்படிக்குப் போனார். திரும்பி வந்தபோது டப்பாவின் வாய்மேல் கேடயம் கவிழ்ந்திருந்தது. 'பண்டிகைக் கணிதம்' உள்பக்கமாகப் போய்விட்டது. இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டு ஒருமுறை ஆட்டினார். உள்ளே எதுவோ கலகலத்தது.

"எத்தனை இருக்கு?"

"தெரியல டீச்சர்."

"என்ன இருக்கு?"

முறுக்கு என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினான். "அதுவும் தெரியல."

டீச்சர் டப்பாவை அவன் முன்னால் வைத்தார். கேடயத்தை எடுக்கவில்லை. அவன் கையும் போகவில்லை. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். எவ்வளவு நேரமென்று தெரியாது. முதன்முறையாக அந்தத் தெரியாமைக்கு முன்னால் அவன் தலை குனியவில்லை. உள்ளே ஒன்று இருக்கிறது, அதற்கு ஓர் எண்ணிக்கை இருக்கிறது, அது தனக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது. இவ்வளவுதான் x. இதைத்தான் மூடியோடு சேர்த்துக் கொடுத்தனுப்பியிருந்தார். அவன் பஸ்ஸிலேயே திறந்துவிட்டான்.

அவனுக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொண்டான்.

"இந்த வகுப்புக்குக் கொண்டு போறேன் டீச்சர். திறக்க மாட்டேன்."

"ம்."

"ஆனா வடிவு?"

டீச்சர் விடைத்தாள் கட்டை இழுத்து வைத்துக்கொண்டார். பேனாவைத் திறந்தார். அவ்வளவுதான் என்று அவன் எழுந்தான்.

"மில்லுல அந்தப் பிள்ளைக்கு எப்போ லீவு விடுவாங்க?"

இசக்கியப்பன் நின்றான். "சாதாரணமா விட மாட்டாங்களாம் டீச்சர். தீபாவளிக்கு அனுப்புவாங்க. அப்புறம் பொங்கலுக்கு."

"பண்டிகைக்கு மட்டும்."

"ஆமா. பண்டிகைக்கு மட்டும்."

டீச்சர் நிமிராமலே சொன்னார்.

"அப்போ தீபாவளி அன்னைக்குப் போ. பண்டிகை இல்லாத ஒரு கணக்கைக் கொண்டு போ."